ஒரே ஒரு கூடாரம்

கிழக்கே புழுதி எழும்புகிறது. எருமை மந்தையா, வெள்ளைக்காரப் பட்டாளத்துக் குதிரைகளா தெரியவில்லை. அமெரிக்கச் சமவெளியில் அரபாஹோ பழங்குடிகளின் முகாமில் மற்றக் கூடாரங்களையெல்லாம் பிரித்துக் குதிரைகளில் ஏற்றியாயிற்று. ஒன்று மட்டும் நிற்கிறது. உள்ளே மஞ்சள்குருவிக்குப் பிரசவ வலி. அக்கா செம்மான் அவள் இடுப்பைத் தாங்கியிருக்கிறாள். தோல் சுவரின் கிழிசல் வழியே விழும் வெயிலில் தங்கையின் நெற்றி வேர்வை மின்னுகிறது. “நீயாவது கிளம்புக்கா. உன் புள்ளைங்க காத்துட்டிருக்கும்.” “பேசாம முக்குடி!” வெளியே, கிளம்பிப் போகிறவர்களின் காலடிச் சத்தங்கள் தேய்ந்து போகின்றன. தரை லேசாக அதிர்கிறது. குழந்தை வழுக்கிக்கொண்டு கைக்கு வருகிறது. அது வீறிடப் போக, செம்மான் அதன் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோய், மனசு வராமல் எடுத்துவிடுகிறாள். அழுகை வெட்டவெளியெங்கும் கேட்கிறது. “ஆணா பொண்ணாக்கா?” தொப்புள்கொடியை அறுத்துக்கொண்டே செம்மான் சொல்கிறாள்: “ஓடித் தப்பிச்சப்புறம் பாத்துக்கலாம். எந்திரி!”