அசையாதீங்க!

"அக்கா, அசையாதீங்க! அந்தக் கண்ணீர் கன்னத்துக்கு வரட்டும்."

கமராவைக் கண்ணோடு ஒட்டியபடி கேதீசன் கத்தினான். சின்னத்தங்கமோ சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தே விட்டாள்.

"ஐயோ, ஏன் துடைச்சீங்க?"

"புகை தம்பி. கண் எரியிது."

"புகையெண்டு ஆருக்குத் தெரியப்போகுது? சோகமெண்டு போடுவமே!"

எதிரே, நேற்றுவரை குருக்கள்மடம் ஊரே அண்ணாந்து பார்த்த மாடி வீடு கரியாகி நின்றது. தண்ணீர் அள்ளி ஊற்றிக் களைத்த அயலவர்கள் வேலியோரம் குந்தியிருந்தார்கள். கேதீசனின் செய்தித்தள ஆசிரியர் புறப்படும்போதே சொல்லியிருந்தார்: "நெருப்பை எவனும் எடுப்பான். அயலவர் மனம் உடைஞ்சு நிற்கிறதை எடு. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

இங்கே உடைந்திருந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி மட்டும்தான்.

போன் அலறியது. அம்மா. அழைப்பை வெட்டினான். இந்த மாதம் அம்மாவுக்கு இரண்டே தொழில்: தரகரோடு பேசுவது, பேசியதை இவனோடு பேசுவது. ஊர், பேர் வருமுன்பே இவன் வெட்டிவிடுவான்.

"இந்த ஊரில ஆருக்குமே கவலை இல்லையா?" என்றான் எரிச்சலோடு.

"கவலை என்னத்துக்கு?" வாளியைக் கவிழ்த்து அதன் மேல் அமர்ந்திருந்த தங்கராசா கேட்டார். "வீட்டாக்கள் காத்தான்குடிக்குத் திரைச்சீலை எடுக்கப் போயிட்டாங்க. ஆருக்கும் ஒரு கீறல் இல்ல. மறுகா, எரிஞ்சது மாப்பிள்ளை வீட்டார்ர ஆசைதானே."

"எந்த மாப்பிள்ளை?"

"மகளுக்குச் சீதனமாக் கட்டின வீடு தம்பி இது. பொண்ணைப் பார்க்க வாங்க எண்டா, முதல்ல வீடு முடியட்டும் எண்டாவாம் மாப்பிள்ளைர தாய். அது காணாதெண்டு மேல ஒரு அறையும் வேணுமாம். பொண்ணைப் பெத்த பாலசுந்தரம் அண்ணன் வள்ளத்தையும் வித்துத்தான் அதைக் கட்டினார். அவசரத்தில இழுத்த வயர். அங்கதான் முதல்ல நெருப்புப் பத்தினது."

சீதன வீடு கேட்காத மாப்பிள்ளை இந்தக் கரையில் எங்கே இருக்கிறான்? கேதீசனுக்கு அதில் புதினம் ஒன்றும் இல்லை. ஆனால் படம் ஒன்று தெரிந்தது. கண்கள் மின்னின.

"அப்ப எனக்கு அந்த மாப்பிள்ளைர முகம்தான் வேணும்! வீடு எரிஞ்ச விசளம் கேட்டு வாயைப் பிளந்து நிற்பானே, அது படம்! ஆரு ஆள்?"

"பேர் தெரியா. டவுனில ஏதோ வேலையாம்."

"கண்டுபிடிச்சுத் தாங்க அண்ணன். அவனைக் கதறக் கதற எடுக்கிறன்."

வேலியோரம் முதல்முறையாகக் கலகலத்தது. போன் மறுபடி அலறியது. இம்முறை எடுத்தான்.

"கெதியாச் சொல்லுங்கம்மா, வேலையா நிற்கிறன்."

"தம்பி, தலையில இடி விழுந்திட்டுடா! குருக்கள்மடத்தில உனக்குப் பேசின வீடு எரிஞ்சிட்டாம். நீ கேட்ட மேலறையிலதான் முதல்ல பத்தினதாம்…"

அம்மாவின் குரலுக்கு ஸ்பீக்கர் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. வேலியோரம் மொத்தமும் அவனைத் திரும்பிப் பார்த்தது.

சின்னத்தங்கம் ஆறுதலாக எழுந்து வந்து, தன் போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"தம்பி, அசையாதீங்க. அந்தக் கண்ணீர் கன்னத்துக்கு வரட்டும்."