பெயர் தெரியாத குருவி

"இது இன்னா பறவைன்னு நீங்க சொல்லிட்டாப் போதும் சார், கேஸ் எழுதிடலாம்" என்றார் வனக் காவலர் வரதன்.

கும்மிடிப்பூண்டி வனத்துறை அலுவலகம். மேஜைமேல் ஒரு மீன் கூடை. அதற்குப் பின்னால், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரேஞ்சர் ஆதிநாராயணன். சுவரோரமாகப் பழவேற்காட்டு மீனவர் செங்கல்வராயன் கைகட்டி நின்றிருந்தார்.

எழுபத்து நாலாம் வருஷத்து ஐப்பசி. பறவைகளைப் பிடிக்கக் கூடாதென்று சட்டம் வந்த புதிது. பொன்னேரிப் பள்ளி ஆசிரியர் எம்பாருக்குத் தெரியாத பறவையே இல்லை என்று ஊரில் பேச்சு. வரதனே சைக்கிளில் போய் அவரை அழைத்து வந்திருந்தார்.

"நான் புடிக்கலீங்க. காக்காங்க கொத்திக்கினு இருந்துச்சு. தூக்கியாந்து ஊட்ல வச்சிருந்தேன்" என்றார் செங்கல்வராயன்.

"மாட்டினவன் எல்லாம் இதான் சொல்வான். போன வருஷம் கொக்கு புடிச்சு வித்தவன்தானே நீ?" என்றார் வரதன்.

செங்கல்வராயன் தலைகுனிந்தார்.

எம்பார் கூடைக்குள் பார்த்தார். பச்சை முதுகு, நீலச் சிறகு, வாலடியில் குங்குமச் சிவப்பு. வடக்கேயிருந்து காடு காடாகக் கடந்து வந்த களைப்பில் ஒடுங்கிக் கிடந்தது. ஒடிந்த காலில் ஈர்க்குச்சி வைத்து, வலை நூலால் பதமாகக் கட்டியிருந்தது.

எம்பாரின் கண் அந்தக் கட்டின்மேலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"தெரியலையே" என்றார்.

"நல்லாப் பாருங்க சார்."

"பார்த்துட்டேன். எனக்குத் தெரியலை."

பொய் சொல்லிப் பழகாத வாய். காதெல்லாம் சூடேறியது அவருக்கு.

ரேஞ்சர் ஆதிநாராயணன் பேனாவை மூடினார். "என்ன சார் நீங்க? இதுகூடத் தெரியாம பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தர்றீங்க?"

வரதன் வாய்விட்டுச் சிரித்தார்.

"பேர் தெரியாம கேஸ் எழுத முடியாது. வரதன், அந்த ஆளைக் கூடையோட கேட் வரைக்கும் விட்டுட்டு வா."

செங்கல்வராயன் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியேறினார். வரதனும் பின்னாலேயே போனார்.

எம்பாரும் எழுந்தார். நாளைக்கே பொன்னேரி முழுக்க இதுதான் பேச்சாக இருக்கும்.

ரேஞ்சர் மேஜையைச் சுற்றி வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"மன்னிச்சுடுங்க சார். ஆறுமணிக் குருவின்னு எங்கே சொல்லிடுவீங்களோன்னு பயந்துகிட்டிருந்தேன்."