கரண்டி ஓங்கிய படம்

ஜூன் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஐந்தாம் தளத்தில், கதவைத் திறந்த அம்மாளின் கையில் நீளக் கரண்டி இருந்தது.

"வாங்க, வாங்க. லிஃப்ட் வேலை செஞ்சுதா?" என்று கரண்டியாலேயே சோபாவைக் காட்டினார். சம்பந்தம் பேச வந்திருந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் உட்கார்ந்தார். அவர் மனைவி உட்காரவில்லை. அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட வந்த மகள் அந்த வீட்டு இளைய மகனோடு நேரே பால்கனிக்குப் போய்விட்டாள். இருவருக்கும் ஒரே ஆபீஸ், இரண்டு வருடப் பழக்கம். தன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று மகளே சொல்லியிருந்தாள். அதனால் எல்லாமே அம்மாவின் ஒரு வார்த்தையில் நின்றது.

அம்மாள் அடுப்பைப் பார்க்க உள்ளே போனதும், மனைவி கணவரின் முழங்கையைக் கிள்ளினார்.

"ஏங்க, இந்த மூஞ்சி யாருன்னு தெரியலையா?"

"கடைக்கு வந்தவங்களா இருக்கும். தினம் நூறு மூஞ்சி பாக்குறேன்."

மனைவி போனில் எதையோ தேடி எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தார். கடையில் கண்ணாடி மாட்டிவிட்டு அவர் எல்லோரையும் கேட்பதைப் போலவே கேட்டார். "இப்பத் தெரியுதா?"

பத்து வருடமாக எல்லோரும் பார்க்கிற புகைப்படம் அது. மாமியார் கொடுமை என்று எந்தப் பத்திரிகையில் கதை வந்தாலும் தலைப்புக்குக் கீழே அதைத்தான் போடுவார்கள். சமையலறை மூலையில் ஓர் இளம்பெண் உள்ளங்கைகளால் முகத்தை மூடிக் குறுகி நிற்பாள். எதிரே கண்ணை உருட்டி, கரண்டியை ஓங்கியபடி மாமியார்.

"அவங்கதான். இப்ப கொஞ்சம் நரை கூடியிருக்கு" என்றார் கடைக்காரர்.

"விளையாட்டா இருக்கா? நம்ம பொண்ணு இங்க வந்து மூலையில நிக்கணுமா?"

"இருபது வருஷமா கதை படிக்கிறே. கதையில வர்ற மாமியார் என்னிக்காவது கரண்டியத் தூக்கியிருக்காளா? தேனாப் பேசித்தான் ஊசியேத்துவா. கரண்டியெல்லாம் படம் போடுறவங்க கைவேலை."

"இவங்க தேனாவும் பேசுறாங்க, கரண்டியும் வெச்சிருக்காங்க."

பால்கனியிலிருந்து மகள் புருவத்தை உயர்த்தி 'என்ன?' என்று கேட்டாள். கடைக்காரர் ஒன்றுமில்லை என்று கையசைத்தார்.

அப்போது சமையலறையிலிருந்து அதட்டல் கேட்டது. "வாயத் திறடி! திறக்கிறியா இல்லையா?"

அடுத்த நொடி அந்த வீட்டு மூத்த மருமகள் வெளியே ஓடிவந்தாள். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள். தோள்கள் குலுங்கின. யாரையும் பார்க்காமல் கூடத்தைக் கடந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்." இந்தத் தடவை கடைக்காரரும் கேலி பேசவில்லை.

அம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். "உப்பு சரியா இருக்கா பாருடின்னா ஓடுறா. நீங்களாவது ஒரு வாய் பாக்குறீங்களா?"

மனைவி போனை மேஜைமேல் வைத்தார். "இது நீங்கதானே?"

அம்மாள் குனிந்து பார்த்தார். "அட, இது இன்னுமா சுத்துது! நானேதான். அப்போ கீழ் வீட்டுல ஒரு போட்டோகிராபர் இருந்தார். உங்க கண்ணு ரொம்பப் பெருசு, கொஞ்சம் வந்து உருட்டுங்கன்னு ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனார்."

"இந்தப் பொண்ணு?"

"அங்க வேலை பாத்த பொண்ணு. எதிர்ல நிக்க வெச்சாங்க. திட்டுங்கம்மா, நல்லாத் திட்டுங்கன்னார். அந்த அவசரத்துல எனக்கு ஒரு திட்டும் வரலை. கரண்டிய ஓங்கி, 'சாப்பிட்டியா இல்லையாடி?'ன்னு கத்திட்டேன். அவ மூஞ்சிய மூடிக்கிட்டு சிரிக்கிறா, சிரிக்கிறா, அடங்கவே மாட்டேங்குது. அதைத்தான் அவர் எடுத்துட்டார்."

"ஊரே அவ அழுறான்னு பாக்குது. நீங்க சிரிச்சான்னு சொல்றீங்க."

"அழுதிருந்தா நான் கரண்டியக் கீழ போட்டிருப்பேனே!"

"அது நீங்க சொல்றதுங்க. இப்பவும் என் கண்ணு முன்னாடிதானே ஒருத்தி ஓடினா? அந்தப் பொண்ணே வந்து சொல்லட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி அதற்குக் காத்திருக்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பால்கனிப் பக்கம் திரும்பி, "கிளம்பலாம் வாடி" என்று மகளைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மகளின் முகம் வெளுத்தது.

அறைக் கதவு திறந்தது. மூத்த மருமகள் ஈரக் கண்களைத் துடைத்துக்கொண்டே வந்து, மேஜையிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சேன். சிரிச்சு முடிச்ச உடனே, உங்களுக்குப் பையன் இருக்கானான்னு அத்தைகிட்ட நான்தாங்க கேட்டேன்."