தேறாத நாக்கு

தோல் பதனிடும் தொட்டியில் ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான் ஏசுபாதம்.

“இன்னாடா சொல்லுது?” என்றார் மேஸ்திரி ஆசீர்வாதம்.

“துவர்ப்பு கம்மியா கீது மாமா. இன்னும் பட்டை போடணும்.”

மேஸ்திரியும் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இந்த நாக்கு தேறாது. உன் ஊரு ஆலங்காயம் போய் ஏர் ஓட்டு.”

“நிலம் காஞ்சு கெடக்குது மாமா...”

மைத்துனனையே கழித்துவிட்டாரே என்று பக்கத்தில் நின்ற முதலாளிக்கு ஆயாசம். “சீமைக்குப் போற தோலு மேஸ்திரி. பட்டைத்தண்ணி பதம் பார்க்க ஆம்பூர்ல உங்கள விட்டா ஆள் இல்ல. எத்தினி பேரை அனுப்பிட்டேன், ஒருத்தனையாவது பழக்கக்கூடாதா?”

“நாக்கு தானா வரணும் மொதலாளி. நாளைக்கு வேற ஆளை அனுப்புங்க.”

முதலாளி நகர்ந்ததும், “தொட்டியில இன்னும் ரெண்டு கூடை பட்டை கொட்டுங்கடா!” என்று கூலியாட்களிடம் கத்தினார் மேஸ்திரி.

மத்தியானம் மேஸ்திரியும் ஏசுபாதமும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

“குழம்பு ஜோரு அன்னம்மா. உப்பு, காரம் எல்லாம் அளவா கீது” என்றார் மேஸ்திரி.

ஒரு வாய் வைத்த ஏசுபாதம் நிமிர்ந்தான். “உப்பே போடலியே அக்கா?”

“ஐயோ, மறந்துட்டேண்டா!” அன்னம்மாள் உப்புச் சட்டியோடு ஓடிவந்தாள். புருஷனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

போன வருஷத்து விஷக்காய்ச்சலில் நாக்கு செத்துப்போனதை அவர் அவளிடம்கூடச் சொல்லவில்லை.

“மாமா, அப்போ காலையில நான் சொன்னது?”

மேஸ்திரி சட்டியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளித் தன் சோற்றில் போட்டுப் பிசைந்து, தலை நிமிராமல் தின்றார். முகம் சுளிக்கவே இல்லை.