இடக்கை முடிச்சு

பூட்டை உடைக்கும்போது கிருஷ்ணமணி, அவர் மனைவி சொர்ணம்மாள், மருமகள் அஸ்வதி, போலீஸ்காரர் இருவர் இருந்தார்கள். தோவாளையில் அது குடும்ப வீடு, வாடகைக்கு விட்டிருந்தார்கள். எந்நேரமும் அடைத்த ஜன்னல்களையும், கண்ணெரிக்கும் நெடியையும், கருகும் பிச்சிச் செடிகளையும் அஸ்வதி முன்பே சொல்லியிருந்தாள். “எங்க அம்மை வாழ்ந்த வீட்டுலயா? வாயக் கழுவு மக்கா” என்று அதட்டிய கிருஷ்ணமணி, அம்மா நட்ட கடைசிச் செடியும் கருகியதும் தானே போலீசுக்குச் சொன்னார்.

உள்ளே ஆளில்லை; போதைமருந்து காய்ச்சிய கேன்கள். ஒரு போலீஸ்காரர் முகத்தை மூடிக்கொண்டு போய், சுவரிலிருந்த அம்மாவின் படத்தை எடுத்துவந்தார். அதில் புதுப் பிச்சி மாலை ஈரம் சொட்டியது.

“இது அத்தை கெட்டுன மாலையில்லா!” என்றாள் சொர்ணம்மாள். கிருஷ்ணமணி கைகூப்பினார்.

குடியிருந்தவர்கள் போட்ட மாலை என்று ஊரில் பேசுகிறார்கள். இல்லை. நாரில் இருந்தது இடக்கை முடிச்சு. அந்த ஊரில் இடக்கையால் பூக் கட்டியது அம்மா மட்டும்தான். அம்மா இறந்து ஒன்பது வருடமாகிறது.