வலை விழாத இடம்

தோணிரேவுக் கரையில் வெயில் ஏறிவிட்டது. ஏரியெங்கும் வலைகள் கிடக்க, ஓர் இடம் மட்டும் வெறுமையாக மின்னுகிறது. ஊரார் சீட்டுப் போட்டதில் அங்கே வலை விடும் முறை, ஊர்ப்பேச்சில் ‘பாடு’, இன்று முத்துராஜுக்கு. அவன் போகாவிட்டாலும் வேறு யாரும் அந்த இடத்தைத் தொடமாட்டார்கள். தம்பி மூழ்கிப்போன ஐப்பசியிலிருந்து முத்துராஜ் தண்ணீரில் கால் வைக்கவில்லை. கரையில் குத்தவைத்து, ஓட்டையே இல்லாத வலையைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் எப்சிபா. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல், எளாவூர் ரோட்டில் இட்லிக்கடை, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை என்று எல்லாம் பார்த்துவிட்டு, நாற்பத்தாறு வயதில், மனம் ஒடிந்தவர்களை எழுந்து நடக்க வைக்கும் லைஃப் கோச் ஆனவள். மனசுக்கு ஒட்டிய முதல் வேலை இதுதான். இப்படிப்பட்டவர்களிடம் கேட்கச் சொல்லிப் பயிற்சியில் கொடுத்த கேள்வித்தாள் பையில் மடித்தபடியே இருக்கிறது. கட்டிலோரம் பேசாமல் உட்காரும் பொறுமை ஆஸ்பத்திரியில் வந்தது.

“இன்னாக்கா, ஒரு மணி நேரமா ஒண்ணுமே கேக்க மாட்டேன்ற?” என்கிறான்.

“கேக்கறதுக்கு இன்னா இருக்குது? உன் எடத்த எனக்குக் காட்டு.”

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் கரையோரம் மிதக்கும் அவன் தோணியில் ஏறி உட்கார்கிறாள். கட்டாத தோணி ஆடிக்கொண்டே விலகுகிறது. பலகையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.

“உனக்கு நீச்சல் தெரியுமாக்கா?”

“தெரியாதுப்பா.”

கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு அவன் ஓடுகிறான். இரண்டு கையாலும் தோணியைப் பிடித்து நிறுத்திய பிறகுதான், இடுப்பளவு தண்ணீரில் நிற்பதைக் குனிந்து பார்க்கிறான். எப்சிபா தோணி தள்ளும் கழியை எடுத்து நீட்டுகிறாள்.