விடியலில் எழுந்த பல்லி

டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. பகலெல்லாம் தூங்கும், விளக்குப் போட்டதும் பூச்சி பிடிக்கக் கிளம்பும். ஜன்னலுக்கு வந்துபோகும் அணிலுக்கு இது கொஞ்சமும் பொறுக்கவில்லை.

"விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, இன்னும் தூக்கமா? நான் ரெண்டு கொய்யா முடிச்சாச்சு. நீயெல்லாம் எங்கே உருப்படப் போறே!"

பல்லிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் விடியும்போதே சுவரில் ஆஜர். பூச்சி ஒன்றையும் காணோம். தப்பித்தவறி வந்த ஒரே ஈயையும் கொட்டாவி விட்டதில் கோட்டைவிட்டது. சாயங்காலம் விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்தபோது, அது அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தது.

"பழகிடும், பழகிடும்" என்றது அணில்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, பசியும் தூக்கமுமாகப் பிடி நழுவி, கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையில் பல்லி பொத்தென்று விழுந்தது. அவர் அலறியடித்துக்கொண்டு ஓடி, காலண்டரில் பல்லி விழும் பலனைத் தேடினார். "தலையில விழுந்தா கலகமாம்! இன்னிக்கு ஆபீசுக்கு லீவு!"

பல்லி தட்டுத்தடுமாறிச் சுவரேறியது. "விழுந்த பல்லிக்கு என்ன பலனாம்?" என்று ஜன்னலிலிருந்து சிரித்தது அணில்.

"விளக்குப் போட்டதும் வா, சொல்றேன்."

"ஐயோ, அந்நேரத்துக்கு எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழட்டுமே!"

"பழகிடும், பழகிடும்" என்றபடி பல்லி டியூப் லைட்டுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.